கோயில் மனைக்கு ஜாமீன் கிடையாது

ஜாமீன் கிடைத்தது என்றால் ஆள் வீட்டுக்கு வந்துவிட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். படித்தவள், சம்பளம் வாங்குகிறவள், பேப்பரை வரி விளம்பரம் உட்பட ஒன்று விடாமல் படிக்கிறவள். ஆனாலும் நாற்பது வயது தாண்டும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜாமீன் கொடுத்த பிறகும் ஒருவன் ஜெயிலிலேயே கிடக்க முடியும் என்பது என் சித்தி மகன் உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்று வந்த அதிர்ச்சி இன்னும் முழுதாக இறங்கவில்லை.

யார் பெயரையும் இதில் எழுதப் போவதில்லை. அந்தத் தம்பி கேட்டுக்கொண்ட ஒரு விஷயம் இருக்கிறது, அதற்காக.

தம்பிக்கு மோட்டார் காயில் கட்டுகிற வேலை. வலங்கைமான் பக்கம் ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே போர்செட்டை நம்பிக் குறுவைக்கு நாற்று விடுகிறவர்கள் நிறைய. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் போதும், மோட்டார் புகைந்துவிடும். அதைக் கழற்றி, உள்ளே கருகிக் கிடக்கிற செம்புக் கம்பியை வெட்டி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பான். கூலி ஒரு பக்கம். கருகிய கம்பி வேலை செய்தவனுக்கு. இது எங்கள் பக்கத்து வழக்கம். விவசாயி அதைக் கேட்கவும் மாட்டார், எழுதிக் கொடுக்கவும் மாட்டார். கம்பி ஒரு சாக்கு சேர்ந்ததும் பழைய இரும்புக் கடையில் கொண்டுபோய்ப் போடுவான்.

அவனுக்குப் புதுக் கம்பி கொடுப்பவர் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற பாய். பாயின் மச்சான் வளைகுடாவில் மோட்டார் பட்டறை நடத்துகிறார். "உன் கை அங்க இருந்தா அவன் தூங்குவான்டா" என்று சொல்லிச் சொல்லியே தம்பியைக் கிளப்பிவிட்டவர் பாய்தான். பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவும் தயாராகிக்கொண்டிருந்தது. இவன்மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் கொடுக்கிற சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. சித்தப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. விசா பேச்சு வந்த பிறகு சித்தி போனில் பாட்டே பாடினார், கேட்கச் சகிக்காது என்றாலும்.

அந்த ஆவணியில் பக்கத்து ஊர்களில் யாரோ போர்செட் வயர்களை அறுத்துக்கொண்டு போனார்கள். விவசாயிகள் ஸ்டேஷன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். போலீசுக்கு உடனே ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து என் தம்பி மொபெட்டில் ஒரு சாக்கு கருகிய செம்போடு வெட்டாற்றுப் பாலத்தில் வந்து நின்றான். ரசீது கேட்டார்கள். கருகிய காயிலுக்கு எந்த ஊரில் ரசீது கொடுக்கிறார்கள்? வயர் திருட்டு என்று எழுதி உள்ளே தள்ளிவிட்டார்கள். அந்தக் கம்பி யார் மோட்டாரிலிருந்து வந்ததோ அந்த விவசாயியே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். அவரைச் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சித்தி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஜெயில் என்ற சொல்லைத் தெருவில் உச்சரிக்கக் கூசிப்போய், தனியாகவே வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்திருக்கிறார். புரட்டாசி பாதி போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூருக்கு என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜாமீன் கொடுத்துட்டாங்களாம்டி. கொடுத்து எத்தனையோ நாளாச்சாம். ஆனா புள்ளைய விட மாட்டேங்கறாங்க. ஜட்ஜய்யா கொடுத்ததை ஜெயில்காரங்க மறைச்சு வச்சிருக்காங்களா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்த வேகத்தில் கத்தவும் தொடங்கிவிட்டேன். என் கணவர் டிவியை அணைத்துவிட்டு மெதுவாக எழுந்து அடுப்படிக்குப் போனார். நான் கத்தும்போது அவர் டீ போடுவது வழக்கம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவிக்கு இருக்கிற வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். பொறுமையாகச் சொன்னார்.

"யாரும் மறைக்கல மேடம். ஜாமீன் ஆர்டர் ஆயிடுச்சு. சொத்து இருக்கறவங்க ரெண்டு பேர் வந்து பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும். பட்டா அவங்க பேர்ல இருக்கணும். அப்படி யாரும் வரல. அதான் உள்ளேயே இருக்கார்."

"தெருவே திரண்டு வந்ததா சித்தி சொல்றாங்களே?"

"வந்தாங்க. எல்லார் கையிலயும் ஒரே ரசீது. கோயில் அடிமனை வாடகை ரசீது."

எங்கள் தெரு முழுக்கக் கோயில் மனை. நாங்கள் பிறந்து வளர்ந்தது, கூரையைப் பிரித்து ஓடு போட்டது, ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டது எல்லாம் அதில்தான். வீடு எங்களுடையது, அடியில் இருக்கிற மண் சாமியுடையது. தெருவில் வாத்தியார் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், கார் வைத்திருக்கிறவர்கூட இருக்கிறார். ஒருவர் பெயரிலும் பட்டா கிடையாது. சாமி வந்து கோர்ட்டில் கையெழுத்துப் போடுமா? அந்தத் தெருவில் பிறந்தவன் ஒருவன் மாட்டிக்கொண்டால், அவனை மீட்க அந்தத் தெருவில் யாராலும் முடியாது. பிறந்ததிலிருந்து அங்கே நடந்திருக்கிறேன். இது ஒருநாளும் என் புத்தியில் தட்டவில்லை.

"இவர் மட்டும் இல்ல மேடம். உள்ள போய்ப் பாருங்க. தீர்ப்பாகித் தண்டனை அனுபவிக்கறவங்க கொஞ்சம்தான். கேஸ் நடக்கறவங்க, ஜாமீன் கிடைச்சும் கையெழுத்துப் போட ஆள் இல்லாதவங்க, அவங்களாலதான் இடமே இல்லாமப் போவுது. வசதி இல்லாதவரை அவர் சொந்தப் பொறுப்புலயே விடலாம், அதுக்கு வழி இருக்கு. நான் மனு போடறேன். ஆனா தீபாவளி லீவு முடிஞ்சுதான் வரும்போல."

"வழி இருந்தும் ஏன் யாரும் செய்யல?"

"யாராவது கேட்கணும் மேடம்" என்றார். அவர் மேஜை மேல் இருந்த கட்டுகளைப் பார்த்த பிறகு அவரிடம் கோபப்பட முடியவில்லை. கடைசியாக ஒன்று சொன்னார். "கேஸ்ல ஒண்ணுமே இல்ல. கம்பி கொடுத்த விவசாயி சாட்சி சொல்லத் தயாரா இருக்கார். வெளிய வந்து நடத்துனா உடைஞ்சிடும். அவசரப்பட்டு ஒத்துக்க மட்டும் வேணாம்னு சொல்லி வைங்க. ஒத்துக்கிட்டா அது தண்டனை. வெளிநாடு மறந்துட வேண்டியதுதான்."

அதைச் சித்தியிடம் சொன்னபோது அவருக்கு அது ஏறவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு. ஒருவன் மேல் ஏதாவது புகார் வந்தால் கோயில் வாசலில் ஊர் கூடும். அவன் "தப்புதாங்க" என்று சொல்லி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தால் விளக்குக்கு எண்ணெய் வாங்கி வைக்கச் சொல்வார்கள். அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எவன் எடுத்தாலும் அவன்தான் குற்றவாளி. செய்தானா செய்யவில்லையா என்பது அங்கே பெரிய விஷயமே இல்லை. சித்தப்பா ஒருமுறை, தான் வெட்டாத மடைக்காக அப்படி விழுந்து எழுந்தார். சாயங்காலமே புகார் சொன்னவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விழுந்தால் அழிந்துவிடும். சித்தி அறிந்த நியாயம் அவ்வளவுதான்.

"சித்தி, கோர்ட்ல அழியாது. எழுதி வச்சுக்குவாங்க. ஆயுசுக்கும் இருக்கும்" என்றேன். தலையை ஆட்டினார்.

அந்த வாரமே ஜெயிலுக்குப் போனேன். பார்க்கப் போவதை மனுப் பார்ப்பது என்கிறார்கள். வெளியே வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். கையில் பழம், பிஸ்கட் பாக்கெட், துவைத்த கைலி. உள்ளே கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம். மாட்டுச் சந்தையில்கூட இதைவிட நிதானமாகப் பேசுவார்கள்.

தம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். கழுத்தெல்லாம் சொறி. கண் உள்ளே போயிருந்தது. நான் கேட்காமலே சொன்னான்.

"ஒருக்களிச்சுத்தான் படுக்கணும்க்கா. ஒருத்தர் திரும்பினா வரிசையே திரும்பணும். இடம் பத்தலைன்னா கொஞ்ச பேர் உட்கார்ந்திருப்போம், அவங்க எழுந்ததும் நாங்க படுப்போம். மழை பெஞ்சா சுவத்தோரம் ஒழுகும், அப்ப இன்னும் நெருங்கணும். கக்கூஸ் பக்கத்து இடம் புதுசா வர்றவங்களுக்கு."

பக்கத்தில் நின்ற ஒரு வயசானவரைக் காட்டினான். "இவருக்கும் ஜாமீன் ஆயிடுச்சு. முத்துப்பேட்டைப் பக்கம். வலை வச்சுப் பிழைக்கறவர். வீடு புறம்போக்கு. இவருக்கு மனுப் பார்க்கக்கூட யாரும் வர்றதில்ல." அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எதற்குக் கும்பிடுகிறார், நான் என்ன செய்துவிட்டேன்? என்னிடமிருந்த பிஸ்கட் பாக்கெட்டில் அவர் பெயரையும் சேர்த்து எழுதி வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். வெட்கமாக இருந்தது.

வருவதற்கு முன் தம்பியிடம் அழுத்திச் சொன்னேன். "நான் கையெழுத்துப் போடறேன். பாயும் போடறேன்னுட்டார். தீபாவளிக்குள்ள வெளிய வந்துடுவ. யார் என்ன சொன்னாலும் செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாத."

"சரிக்கா."

தஞ்சாவூரில் எனக்கிருக்கும் வீடு எங்கள் வகையறாவிலேயே முதல் பட்டா. என் பெயரில் இருக்கிறது. அதை வைத்து ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறேன் என்றதும் ஆபீஸில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். ஓடிவிட்டால் என்ன செய்வாய் என்றார்கள். பாஸ்போர்ட்டே போலீஸ் கையில், எங்கே ஓடுவான்? கணவர் மட்டும் வீட்டு வரி ரசீதைத் தேடி எடுத்து மேஜை மேல் வைத்தார். அன்று அவர் போட்ட டீயை நான் குறை சொல்லவில்லை.

பாயிடம் முன்பே கேட்கப் போயிருந்தபோது அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "அவன் திருடினான்னு என் வாப்பா மௌத்தாப் போன இடத்துலருந்து வந்து சொன்னாலும் நம்ப மாட்டேன். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். மச்சானிடம் விசாவைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லியும் வைத்திருந்தார்.

ஆனால் கையெழுத்து மட்டும் போதாது. சொத்து எங்களுடையது, அதில் வில்லங்கம் இல்லை, இவ்வளவு பெறும் என்று வருவாய்த் துறையிலிருந்து சான்று வேண்டும். அந்த நேரம் பார்த்து வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. அறுக்க வேண்டிய குறுவை தண்ணீரில் சாய்ந்து முளைவிடத் தொடங்கியது. கிராம நிர்வாக அலுவலர்கள் எல்லாம் பயிர்ச் சேதக் கணக்கெடுக்க வயலுக்குப் போய்விட்டார்கள். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. பாயின் கிராமத்து அலுவலரை நாங்கள் பிடித்தது ஒரு வரப்பின் மேல். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, சாய்ந்த கதிரைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் விவசாயிகள், என் வயலை எடு, என் வயலை எடு என்று. அவரை எப்படித் திட்டுவது? அந்த நெல்லும் அழுகிக்கொண்டுதான் இருந்தது.

"தம்பிக்கு ஜாமீனாங்க? நாளைக்கு இல்ல, நாளன்னைக்குக் காலைல வாங்க" என்றார். நாளன்னைக்கும் மழை. அதற்கு அடுத்த நாளும் மழை. இப்படியே தாலுகா ஆபீஸ் வரைக்கும் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. ஒரு மனிதனை உள்ளே தள்ள ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. வெளியே கொண்டுவர ஒரு பருவம் போதவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் எல்லாம் கைக்கு வந்தது. கோர்ட்டில் நானும் பாயும் நின்றோம். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"இடுப்புல தூக்கி வளர்த்தவ நான்ங்க" என்றேன். அவர் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார்.

விடுதலை உத்தரவு ஜெயிலுக்குப் போக ஏற்பாடாயிற்று. பாயின் கடை வேனிலேயே கிளம்பினோம். வழியில் அவர் அவனுக்கு ஒரு சட்டை வாங்கினார். நான் அல்வா வாங்கினேன். மழை விட்டு வெயில் அடித்தது. வெகு நாளைக்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்தேன், அதை ஒளிப்பானேன்.

ஜெயிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் சித்தி உட்கார்ந்திருந்தார். எதிரில் பெஞ்சில் தம்பி. பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சிரித்தான்.

"உத்தரவு அதுக்குள்ள வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"எந்த உத்தரவுடி?" என்றார் சித்தி. "ஜட்ஜே இன்னைக்கு ஜெயிலுக்கு வந்துட்டாருல்ல. கூட்டத்தைக் குறைக்கறதுக்காம். சின்னச் சின்னக் கேஸெல்லாம் அங்கயே முடிச்சு விட்டாங்க. ஒத்துக்கிட்டவங்களுக்கு இதுவரைக்கும் இருந்ததே போதும், வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. போன வாரம் மனுப் பார்க்க வந்தப்பவே நான் சொல்லிட்டேன் இவன்கிட்ட. அப்பா மாதிரி தப்புதாங்கன்னு விழுந்து எழுந்துடுடா, அத்தோட அழிஞ்சிடும்னு. நல்ல மனுஷங்க. விட்டுட்டாங்க."

என் கையிலிருந்த அல்வாப் பொட்டலம் சூடாக இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றேன். பாய் பக்கத்து பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

உள்ளே இருக்கிறவர்களைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அந்த நெரிசலை என் கண்ணால் பார்த்தேன். ஜெயிலுக்கே நீதிபதி வருவது நல்ல ஏற்பாடு என்று வக்கீலம்மா பிறகு சொன்னார். நிஜமாகவே செய்த பலர் அன்று நியாயமாக வெளியே வந்தார்கள். அன்று வக்கீலம்மா வேறு கோர்ட்டில் இருந்தார். அங்கே வந்த வக்கீலுக்கு என் தம்பி ஒரு கட்டுக்குள் ஒரு தாள். ஆனால் ஒன்று கேட்கிறேன். முதலில் கையெழுத்துப் போட ஆள் இல்லை என்று பூட்டி வைக்கிறீர்கள். படுக்க இடமில்லாமல் ஆனதும் செய்தேன் என்று சொன்னால் கதவைத் திறக்கிறீர்கள். ஒருக்களித்துப் படுத்துச் சொறிந்துகொண்டு கிடக்கிற எவன்தான் இல்லை என்பான்? கோயில் ரசீதை ஒரு சான்றாக எடுத்துக்கொண்டிருந்தாலோ, அவன் சொந்தப் பொறுப்பில் விட்டிருந்தாலோ அந்த வரிசையில் ஓர் ஆள் குறைந்திருப்பான். என் தம்பி செய்யவே செய்யாத ஒரு திருட்டை ஒப்புக்கொள்ள வேண்டியும் இருந்திருக்காது.

மறுநாள் பேப்பரில் சின்னச் செய்தி வந்தது. சிறை நெரிசலைக் குறைக்க முகாம், பலர் விடுதலை என்று. வரி விளம்பரம்வரை படிக்கிற நான் அன்று அதோடு பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

அது மறுநாள். அன்று டீக்கடையில் தம்பி கையைக் கழுவிக்கொண்டு பாயிடம் வந்தான். "பாய், கேஸ் முடிஞ்சிடுச்சுல்ல. போலீஸ் சர்டிபிகேட்டுக்கு இப்ப எழுதிக் கொடுத்துடலாமா?"

பாய் என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் தம்பியை வேனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. எனக்கு அது வராது. உன் பெயரில் திருட்டுத் தண்டனை ஏறிவிட்டது, அந்தச் சான்றிதழ் உனக்கு இனிமேல் கிடைக்காது, அழிக்க முடியுமா என்று வக்கீலம்மாவிடம் கேட்கலாம், ஆனால் நம்பிக்கை வைக்காதே என்றேன்.

நீங்கதான் சொன்னீங்களேக்கா, நான் கேட்கலையே என்று அழுவான் என்று நினைத்தேன். திரும்பி டீக்கடையைப் பார்த்தான். சித்தி கடைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்கக்கா" என்றான்.

வக்கீலம்மா முயன்று பார்த்தார். தானே ஒப்புக்கொண்டதை உடைப்பது லேசில்லை என்றார். இன்னும் விடவில்லை. அந்த முத்துப்பேட்டைப் பெரியவருக்காக அவர் போட்ட மனு மட்டும் பலித்தது. அவர் சொந்தப் பொறுப்பில் வெளியே வந்துவிட்டார். விசா வேறொருவனுக்குப் போயிற்று. தம்பி இப்போதும் அதே கடைத்தெருவில் காயில் கட்டிக்கொண்டிருக்கிறான். கருகிய கம்பியை மட்டும் அவன் எடுத்துக்கொள்வதில்லை. விவசாயி கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, தெருவில் ஒரு பெண் தன் மகன் ஏதோ அடிதடியில் உள்ளே போய்விட்டான் என்று அழுதுகொண்டிருந்தாள். சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைச் சாட்சிக்கு வேறு காட்டிக்கொண்டு, ஆறுதல் சொன்னார்:

"அழாத. ஒத்துக்கச் சொல்லு. நான் சொல்லித்தான் எம்புள்ள வந்தான். வேணும்னா இவளைக் கேளு."